துண்டு போட்ட இடம்

பிடோக் உணவங்காடி. மதியம் ஒரு மணி.
அத்தனை கூட்டத்தில் ஒரு மேசை மட்டும் காலி.
நடுவில் பிரிக்காத டிஷ்யூ பாக்கெட்.

விமானம் விட்டிறங்கி நாலு மணி நேரம்.
முகம் துடைக்கவும் வைத்திருக்கிறார்கள்,
என்ன ஊர்! என்று
மூன்றை உருவிக் கழுத்துவரை துடைத்தேன்.

மீ ரெபூஸ் தட்டோடு வந்தவள்
பாக்கெட்டைப் பார்த்தாள்.
என் பெட்டியில் இன்னும் கிழிக்காத
விமானச் சீட்டைப் பார்த்தாள்.
என் வீட்டுக்கு வந்தவள்போல்
உட்காரலாமா என்று சைகையில் கேட்டாள்.

கழுத்து அட்டையில் நோர்லைலா என்றிருந்தது.
எழுந்துபோய் ஐஸ் லைம் ஜூஸ் வாங்கி வந்து
என் பக்கம் தள்ளினாள்.
காசு நீட்டினேன், கரண்டியை ஆட்டி மறுத்தாள்.
மிச்ச டிஷ்யூவையும் என்னிடமே விட்டுப் போனாள்.

அந்த பாக்கெட் கிடந்தால்
இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தமாம்.
மூன்று மாதம் கழித்து அறைத்தோழன் செழியன்
இருமும்வரை சிரித்துவிட்டுச் சொன்னான்.

எனக்கா தெரியாது?
மணப்பாறை பஸ்ஸில் ஜன்னல் வழியே
துண்டு போட்டு இடம் பிடித்தவன் நான்.
எவனாவது என் துண்டிலேயே முகம் துடைத்துக்கொண்டு
என் சீட்டில் உட்கார்ந்திருந்தால்
ஜூஸா வாங்கித் தந்திருப்பேன்?