முப்பத்தொன்பது கிலோ

விவாகரத்துத் தீர்ப்பில் படகைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
வீடு பிராய்ஸுக்கு, கார் எனக்கு.
முரோஸ் துறையில் கட்டிக் கிடந்த பாய்ப்படகை
இருவருமே சொல்ல மறந்துபோனோம்,
அல்லது மறந்ததாகச் சொன்னோம்.
ஒற்றைப்படை மாதங்கள் அவனுக்கு. இரட்டைப்படை எனக்கு.
தனித்தனியாகத்தான் கடலுக்குப் போகிறோம்.

இங்கிருந்து வடக்கே கரைக்குச் சாவின் கரை என்று பெயர்.
அதனால் ஒரு மிதவை வாங்கினோம், பாதிப் பாதிப் பணம்.
வெள்ளைப் பெட்டி, உள்ளே மடிந்து கிடக்கும் கூடாரம்.
முப்பத்தொன்பது கிலோ.
எங்கே வைப்பது?

பிப்ரவரி. மழை. என் மாதம்.
விருந்தாளிபோல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

அணியத்தில் வைக்கலாம் என்றான்.
முதல் பெரிய அலைக்குக் காணிக்கையா என்றேன்.
பாய்மரத்தடியில், கூரைமேல்?
பாரம் நடுவில் நிற்கும், பார்க்கவும் அழகு.
ஆனால் அங்கிருந்து விளிம்புக்கு நான்கு அடி.
படகு சாய்ந்து கிடக்கும் இரவில்
நான்கு அடி ஒரு தெரு.
இருக்கைக்குக் கீழே உள்ள அறை?
திறந்து பார்த்தோம்:
இரண்டு வாளி, காற்றுப்போன ஒரு பந்து,
கடைசியாகச் சண்டை போட்ட கோடையின் மீதி வண்ணம்.
மூழ்கும்போது யார் சாமான் ஒதுக்குவது?
மூடிவிட்டோம்.

விகோவில் மிதவைகளைப் பிரித்துப் பார்த்து மடிப்பவர் ஃப்ரோய்லான்.
உள்ளங்கை அளவில் ஒரு கருவியைக் காட்டினார்.
ஆழம் போனால் தண்ணீர் அழுத்தும்,
உள்ளே கத்தி பாயும், கட்டு அறும், மிதவை தானே மேலே வரும்.
"சரக்குக் கப்பலுக்குச் சரி.
உங்களுடையது பாய்மரமும் கம்பிகளுமாக மூழ்கும்,
மேலே வருவது அதில் சிக்கினால்?
கை இருக்கும்வரை கையை நம்புங்கள்."

யாருடைய கை?

பிராய்ஸ் தூக்கினான். உருளைக்கிழங்கு மூட்டைபோலத் தோளுக்கு ஏறியது.
பிறகு நான்.
வலத்தோளில் நரம்பு கிழிந்து இரண்டு வருஷம்.
முழங்கால்வரை வந்தது. அங்கேயே நின்றது.
அவன் உதவிக்கு வரவில்லை.
அதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.
நனைந்த ரசீதின் பின்புறம் பென்சிலால் எழுதினான்:
உஷியா, முழங்கால்.

அதற்குப்பின் எல்லாம் அந்த உயரத்திலிருந்து.

அமரத்தில், பின்கம்பிக்கு வெளியே, சாய்வாக ஒரு தொட்டில்.
தூக்க வேண்டாம். ஒரு எஃகு முள்ளை உருவினால்
தானே சரிந்து விழும்.
"பின்னாலிருந்து அலை அடித்தால்?"
"அடிக்கும். கனமான சட்டம் போடு."
"பின்பாரம் கூடும்."
"தண்ணீர்த் தொட்டியை முன்னால் நகர்த்துவோம்."
அந்த 'வோம்' இருவர் காதிலும் விழுந்தது.
இருவரும் உடனே திருகாணி தேடினோம்.

காப்புக்கயிற்றில் அவன் போட்ட முடிச்சு
ஈரத்தில் எனக்கு அவிழவில்லை.
வெட்டி எறிந்துவிட்டு, தட்டினால் திறக்கும் கொளுவி வைத்தான்.
மிதவையின் நீண்ட கயிற்றைப் படகின் இரும்பு வளையத்தில் கட்டினேன்.
கட்டாமல் தள்ளியவர்கள்
அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.
அந்தக் கயிறு வளையத்தைத் தொடும் இடத்தில்
மெல்லிய நூல் ஒன்று.
"படகு அடியோடு போனால் இது அறும்," என்றிருந்தார் ஃப்ரோய்லான்,
"அற வேண்டும்.
இல்லாவிட்டால் மிதவையையும் இழுத்துக்கொண்டு போய்விடும்."
நாங்கள் கொஞ்சம் வேகமாகவே தலையாட்டினோம்,
அந்தத் தேர்வை ஏற்கெனவே எழுதியவர்கள்போல்.

உண்மையான மிதவையை விரித்துப் பார்க்கக் காசில்லை.
பழைய பெட்டியில் மணல் நிரப்பினோம், அதே எடைக்கு.
கண்ணை மூடு என்றான். மூடினேன்.
இடக்கையால் தடவி, கொளுவியைத் தட்டி, முள்ளை உருவினேன்.
தண்ணீர் முகத்தில் தெறித்தது.
"ஆறு நொடி," என்றான்.
"என்னால் நான்கில் முடியும்."
"முடியும். யார் கேட்டது?"

மார்ச் வந்தது. அவன் மாதம்.
மீன் வாங்கப் போனபோது துறையில் படகைப் பார்த்தேன்.
பிராய்ஸுக்கு வலக்கைப் பழக்கம்.
முள்ளின் வளையம் இன்னும்
இடக்கைக்கு வாகாகத்தான் திரும்பியிருந்தது.

நான் ஏறவில்லை.
கயிறு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.