இரைச்சல் பக்கத்து அறை

பலெர்மோவில் ஏழு இரவுக்கு ஒரு வீடு வேண்டும்.
வரைபடத்தை மேசையில் விரித்தோம்.
சுருண்டுகொண்ட மூலையில்
பாலாடைக்கட்டி சீவியை வைத்து அழுத்தினேன்.
வெளியே ட்ரோம்சோ,
பிற்பகல் இரண்டுக்கே இருட்டிக்கொண்டு.

பார்த்த வீட்டிலெல்லாம் அதே கிண்ணம்,
அதே மூன்று எலுமிச்சை.
படமெடுக்க ஒரே ஆள் அதைத் தூக்கிக்கொண்டு
ஊர் முழுக்க அலைகிறானோ என்றேன்.
"என்ன?" என்றார் ஹல்வார்.
மறந்துபோய் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.
எழுந்து வலப்பக்கம் போய்
மறுபடி சொன்னேன்.
இரண்டாம் முறை சொல்லும் வேடிக்கை
ஆறிய காப்பி.
இருந்தும் சிரித்தார்.

முப்பத்தோரு வருடம் கப்பலின் இயந்திர அறை.
இடக்காது எப்போதோ போயிற்று.
வலக்காதுக்கு மருத்துவர் தவணை சொல்லியிருக்கிறார்,
கடன்காரனிடம் சொல்வதுபோல,
வசந்தம்வரை, பார்ப்போம், என்று.

கால்சாவில் ஒரு வீடு: கடலுக்கு நடந்துவிடலாம்,
ஆனால் கட்டிலுக்கு ஏணி ஏற வேண்டும்.
என் முழங்கால் அதைக் கேட்டதுமே முனகியது.
புது நகரத்தில் இன்னொன்று:
லிஃப்ட், இரட்டைக் கண்ணாடி ஜன்னல்,
'பூரண அமைதி' என்று தடித்த எழுத்தில்.
"அமைதியா?
அது இங்கே கூரைமேலேயே கொட்டிக் கிடக்கிறதே,
அதற்கு யாராவது விமானச் சீட்டு எடுப்பார்களா?"

காப்போ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடி.
விலை பாதி.
பாதி விலைக்கு முழுக் காரணம் ஒன்று இருக்கும்.
எழுதிக் கேட்டேன்:
எத்தனை படி? வெயில் வருமா? இரவில் தூங்க முடியுமா?

அகோஸ்தினா என்பவள் அன்றைக்கே பதில் போட்டாள்.
"அறுபத்தெட்டுப் படி.
நாற்பதாவதில் ஒரு நாற்காலி இருக்கும்,
அது பெனெடெட்டோவுடையது,
அவர் இல்லாதபோது உட்காரலாம்.
வெயில் எதிர்வீட்டுத் துணிகளோடு நின்றுவிடும்.
தூக்கம் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.
ஐந்து மணிக்கு இறால்காரன் தொண்டையைத் திறப்பான்.
கோவில் மணி ஏழடிக்கும், ஒன்பது நிமிடம் முந்தி.
பிறகு ஸ்கூட்டர்கள்.
மண்ணீரல் ரொட்டிக் கடை வாணலியை வைப்பது
இரவு இரண்டுக்குத்தான்.
பின்னறையில் படுங்கள், சுவர் கனம்.
முன்னறையில் படுங்கள் என்று எவருக்கும் நான் சொல்வதில்லை.
நான் பிறந்தது அதில்.
இப்போது பஸ்ஸில் நாற்பது நிமிடம் தள்ளி
பூனைகூடக் கத்தாத அடுக்ககத்தில் இருக்கிறேன்.
அந்த வீட்டை விட்டால்தான் இந்த வீட்டுக்கு வாடகை.
தூக்கம் வராவிட்டால் எழுதுங்கள்,
எனக்கும் இங்கே வருவதில்லை."

வலக்காதுக்கு நேரே நின்று வாசித்தேன்.
"அந்த இறால் வரியை இன்னொரு தரம்" என்றார்.
வாசித்தேன்.
பெரிய விரலால் வரைபடத்தில் காப்போவைத் தேடினார்,
தவறான தெருவில் வைத்து
"முன்னறை" என்றார்.

விண்ணப்பத்தில் கடைசிக் கட்டம்:
சிறப்புக் கோரிக்கை ஏதேனும்?
நெடுநேரம் யோசித்து எழுதினேன்:
கட்டிலை ஜன்னலோரம் போட வேண்டும்.
என் கணவர் ஒரு காதைத் தலையணைக்குக் கொடுத்துவிட்டு
மற்றதைத் தெருவுக்கு வைத்துக்கொள்வார்.

இரண்டு நாள் பதிலில்லை.
மூன்றாம் நாள்:
"கட்டில் வால்நட் மரம், நாலு பேர் கனம்.
இறால்காரனிடம் சொல்லியிருக்கிறேன், தோள் உள்ளவன்.
அந்த வாரம் மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கூவச் சொல்லட்டுமா
என்று அவனே கேட்கிறான்."

ஹல்வார் குளித்துக்கொண்டிருந்தார்.
கேட்காமலே நான் அனுப்பிவிட்டேன்:
வேண்டாம்.