சொல் எல்லை

கிளாக்ஸ்விக் துறைமுகம், பிப்ரவரி, பின்னிரவு மூன்று.
மீன் எடைக் கணக்குகளை
ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற வேலை.
தட்டத் தட்ட நிறம் மாறும் ஷெல்:
நல்ல கட்டளை பச்சை,
அழிக்கிற கட்டளை சிவப்பு. ரன்வா எழுதிவைத்த விதி.
எனக்கு இரண்டும்
கரையில் காய்ந்த பாசியின் ஒரே நிறம்.
பச்சைப் பொய் என்கிறார்களே,
அதை நான் எதைக்கொண்டு கண்டுபிடிப்பது?

போன வாரம் ஒரு கப்பலின் பயணம் முழுவதையும்
இரண்டே எழுத்தில் அழித்தேன்.
நாற்பது டன் மீன், காகிதத்தில்கூட மிஞ்சவில்லை.
"சிவப்பாகக் காட்டியிருக்குமே, பார்க்கலையா?"
தூக்கக் கலக்கம் என்றேன்.

இன்றைக்குத்தான் அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
ஒரு வரி ரீஜெக்ஸ்:
ஆர், அதை ஒட்டி எம்.
பின்னணி நீலம், எழுத்து வெள்ளை.
சேமித்துவிட்டு
கைக்கு வந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தேன்.

ஸ்டோர்முர் என்ற கோப்புறையின் நடுவே நீலம்.
ஃபார்முர் என்ற பட்டியலில் நீலம்.
ஓர்முர் என்ற பழைய படகின் வயிற்றிலும்.
புயல், சரக்கு, பாம்பு.
எங்கள் மொழியில் இத்தனை சொற்களுக்குள்
அழிவு வாடகை தராமல் குடியிருக்கிறது,
யாரும் வண்ணம் பூசிப் பார்த்ததில்லை.

பிறகு இருபுறமும் வேலி போட்டேன்.
முன்னால் ஒரு பின்சாய்கோடு, ஒரு பி;
பின்னாலும் அதே.
சொல் தொடங்கும் இடம், முடியும் இடம்.
அந்த வேலிக்கு அகலம் கிடையாது,
ஓர் எழுத்தைக்கூட அது தின்பதில்லை.
புயல் வெறும் புயலானது.
பாம்பு தன் வழியே போயிற்று.
தனியாக நிற்கும் இரண்டெழுத்து மட்டும்
ஜூன் மாதக் கடலைப்போல் நீலம்,
எனக்கே தெரியும்படி.
இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் வருகிற ஆர்-எம் ஒன்று
இன்னும் மாட்டுகிறது. கிடக்கட்டும்.

ஆறு மணிக்கு ரன்வா வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
"ஏன் நீலம்?"
சொன்னேன்.
முப்பத்தாறு வயதில், முதன்முறையாக,
என் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே.
ஓ, என்றாள். காபி ஊற்றப் போய்விட்டாள்.

மறுநாள் இரவு
ஐஸ் இயந்திரத்தின் இரண்டு பொத்தான்களிலும்
வெள்ளை நாடா ஒட்டியிருந்தது.
மார்க்கரில், அவள் கோணல் கையெழுத்தில்:
ஓடு. நில்.
இரண்டாவதில் மை இன்னும் காயவில்லை,
விரலில் ஒட்டிக்கொண்டது.
கறுப்பு என்று நினைக்கிறேன்.