பலகை எண் ஏழு, ஒத்தக்கடை

ஒன்றரை மணி வெயில்.
யானைமலை தன் முதுகில் வாங்கிய சூட்டை
தார்ச்சாலைக்குத் தள்ளிவிடும் நேரம்.
கைபேசியை எடுத்தவர்கள்
திரையில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு
உள்ளங்கையால் கூரை போடுகிறார்கள்.
எதிர்ப்பக்க எல்இடி பலகையில்
எழுத்துகள் இருப்பதாக
நம்பத்தான் வேண்டும்.

நான் மாட்டிய மின்தாள் மட்டும்
வெயில் ஏற ஏறத் தெளிகிறது.
ஒரு வண்டி போய் அடுத்தது வரும்போது
கண்ணை ஒரு தரம் இறுக்கி மூடித் திறக்கும்.
போன வண்டியின் பெயர் அடியில் சாம்பலாய்த் தங்கும்,
சரியாக அழிக்காத சிலேட்டு மாதிரி.

அலுவலகப் படிவத்தில் ஒரு கட்டம் காலி:
ஊர் முழுக்க இனி எது?
'மின்தாள்' என்று எழுதப் பேனாவைத் திறந்த செவ்வாய்க்கிழமைதான்
குழாய் பதிக்க வந்தவர்கள் வயரை வெட்டினார்கள்.

எல்இடி அணைந்தது.
போனது போனதென்று கறுத்து நின்றது.
என் பலகை
'திருவாதவூர் 3 நிமிடம்' என்றது.
ஒரு மணி நேரம் கழித்தும்
3 நிமிடம்.
உரச் சாக்கோடு நின்ற மொக்கைச்சாமி
என் சட்டையில் கம்பெனி பெயரை வாசித்துவிட்டு
"செத்ததுக்கப்புறமும் வாய மூடலையேப்பா ஒன் போர்டு" என்றார்.

பதில் இல்லை.
கரண்ட் இல்லாமலும் எழுத்தைப் பிடித்துவைப்பதுதான்
அதன் பெருமையென்று
நானே நாலு கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.
மலைக்குகையில் யாரோ வெட்டிய எழுத்தும்
இப்படித்தான்.
அங்கே இருந்தவர்கள் பெயரைச் சொல்கிறது,
அவர்கள் கிளம்பிப்போனதைச் சொல்லவில்லை.

புதன் இரவு வயரை ஒட்டிவிட்டு இறங்கும்போது
பத்தேகால்.
எல்இடி சிவப்பாய், பூச்சி மொய்க்க,
எதிர்த்திசை வண்டிகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.
என் பலகை இருட்டோடு இருட்டு.

ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து
ஷேர் ஆட்டோவில் இறங்கிய பெண்,
கழுத்து அட்டையில் சகாயராணி,
கைபேசி டார்ச்சை அதன்மேல் அடித்தாள்.
தட்டளவு வெளிச்சத்தில் எழுத்து எழுந்து வந்தது:
திருவாதவூர் 3 நிமிடம்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"நெசமாவாண்ணே?"

ஏணியை மடக்காமல்
நானும் ரோட்டைப் பார்த்து நின்றேன்.
மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து
இரண்டு விளக்குகள் வந்துகொண்டிருந்தன.
லாரியாகவும் இருக்கலாம்.