நாட்டுக்கோலி வறுவல்

புது ஓட்டலுக்கு மூன்றாம் நாள்தான் போவேன்.
முதல் நாள் ரிப்பன், எம்.எல்.ஏ., இலவச இனிப்பு.
இரண்டாம் நாள் சொந்தக்காரர்கள்;
உப்பு கூடிப்போனாலும் ஆகா என்பார்கள்.
மூன்றாம் நாள்
வாசல் பலூன்களில் பாதி சுருங்கியிருக்கும்.
சுவரில் பெயின்ட் வாசனை, உள்ளே தாளிப்பு வாசனை,
எது எதைத் தின்கிறதென்று தெரியாது.
அன்றைக்குத்தான் அடுப்படியின் நிஜக் கை
தட்டில் இறங்கும்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு.
சித்தூரில் திறக்கிற ஓட்டல்களில் பாதிக்கு
மெனு கார்டு அடிப்பவள் நான்.
சர்ச் தெருவில், மாடிப்படிக்குக் கீழே,
ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மெஷின், நான், புஷ்கலா.
தெலுங்கு இடப்பக்கம், இங்கிலீஷ் வலப்பக்கம்.
தமிழையும் ஒரு ஓரமாப் போடும்மா என்பார்கள்.
வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள்
பசியோடு வாசிப்பார்களாம்.

கிரீம்ஸ்பேட்டை வளைவில் ஒரு கட்டடம்.
முதலில் அது பிரியாணிக் கடை.
பிறகு மண்டி: தரையில் மெத்தை, பெரிய தாம்பாளம்.
முட்டி மடக்க முடியாதவர்கள் கதவோடு திரும்பினார்கள்.
பிறகு ரயில் ஓட்டல். பொம்மை ரயில் தோசை கொண்டுவரும்;
ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாரோடு தடம் புரண்டது.
இப்போது ராகிச் சங்கட்டி, நாட்டுக்கோழிப் புலுசு,
சுவரெல்லாம் ஓலைப்பாய்.
பாய் விலகிய இடத்தில்
தண்டவாளத்தின் ஆணித்துளைகள்.

நாலுக்கும் ஒரே ஃபைல்.
பேரை அழி, விலையை ஏற்று, வேறு பேரில் சேமி.
நூற்றுப் பதினான்கு ஐட்டம்.
அறுபத்தேழாவது எந்த ஓட்டலிலும் இருந்ததில்லை.
கேட்டுப் பார்ப்பேன், ஒரு பழக்கம்.
"லேதக்கா, நாளைக்கு."

இன்று தண்ணீர் வைத்தவனை
எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.
மண்டியில் தலையில் சிவப்புக் கட்டத் துணி.
ரயிலில் டி.டி.ஆர். கோட்டு.
இப்போது வேட்டி, தோளில் துண்டு;
குனியும்போதெல்லாம் துண்டு குழம்பை எட்டிப் பார்க்கிறது.
சட்டையில் குத்திய பெயர்: மொகிலி.

கார்டை என் பக்கம் திருப்பி
ஓரத்துத் தமிழில் விரல் வைத்தான்.
"அக்கா, நாட்டுக்கோலி வறுவல் ஒண்ணு கொண்டாரவா?
பச்சைக் கோலியா, நீலக் கோலியா?"

பார்த்தேன். 'லி'.
நாலு ஓட்டல், ஐந்து வருஷம்,
கொக்கரிக்க வேண்டிய ஒன்று
கண்ணாடிக் குண்டாக உருண்டு கிடந்திருக்கிறது.
ஒருத்தரும் திருப்பி அனுப்பவில்லை.
எல்லாரும் படத்தைப் பார்த்தே தின்றிருக்கிறார்கள்.

"தமிழ் எங்கே படிச்சே?"
"பள்ளிப்பட்டு. அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்,
இந்தப் பக்கம் சோறு."
துண்டை ஏற்றிப் போட்டுக்கொண்டான்.
"எங்க வேலைக்குச் சேர்ந்தாலும் கார்டைத்தான் மொதல்ல பார்ப்பேன்.
கோலி இருந்தா
சரி, தெரிஞ்ச எடந்தான்னு இருக்கும்."

அது நான் செய்த பிழையென்று சொல்லவில்லை.
புலுசு வந்தது. நன்றாகவே இருந்தது.
சங்கட்டி நடுவில் கட்டி; மூன்றாம் நாளுக்கு மன்னிக்கலாம்.
இருபது மேஜை.
இரண்டு குடும்பம், ஒரு போலீஸ்காரர், நான்.
கல்லாவுக்குப் பின்னால் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்,
பணத்தையா ஆட்களையா தெரியவில்லை.

கடைக்கு வந்து ஃபைலைத் திறந்தேன்.
லி-க்குப் பக்கத்தில் கர்சர்
துடித்துக்கொண்டே நின்றது.
"என்ன அப்படி முறைக்கறே?" என்றாள் புஷ்கலா,
லேமினேஷன் மெஷின் சூடாகக் காத்திருந்தவள்.

அறுபத்தேழை அழித்தேன்.
அதற்குக் கீழே இருந்த கோலி
ஒரு படி மேலேறி உட்கார்ந்தது.