குர்குர்

ஏழாம் மாடியிலிருந்து மிலோ விழுந்தபோது
ஆயர் ஈத்தாம் பிளாட்டில் லிப்ட் ஓடவில்லை.
"பூனைதானே, நாலு காலில் நிற்கும்"
என்றார் காவல்காரர்.
நின்றது.
தாடை மட்டும் ஒரு பக்கமாய்ப் போயிருந்தது.

துணிக்கூடையோடு தவனேஸ்வரி பின்னால்,
மோட்டாரில் நான்.
வழியெல்லாம் குர்குர், குர்குர்.
"சந்தோஷமாத்தான் இருக்கு, வலியில்ல" என்றேன்.

கையுறை கழற்றாமலே மருத்துவர் சொன்னார்:
வலித்தாலும் இதே சத்தம்தான்,
தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்ளும்.
கதவில் நசுங்கியதென்று நாங்கள் நம்பிய
வால் முடிச்சும் பிறவியிலேயே உள்ளதாம்.
எண்ணூறு ரிங்கிட். இரண்டு தவணை.

பூனை கண்ணை மூடினால்
பூலோகமே இருண்டதென்று நினைக்குமாம்.
மயக்க ஊசிக்குப் பிறகு
மிலோ கண்ணைத் திறந்தபடியே கிடந்தது,
பச்சையாய், எதையும் பாராமல்.
இருண்டது எங்களுக்கு.

அதை அங்கேயே விட்டுத் திரும்பும்போது
பேராக் சாலையில் விடிந்துகொண்டிருந்தது.
என் முதுகுக்குப் பின்னால் தவனேஸ்வரி
ஏதோ மெட்டை முனகிக்கொண்டு வந்தாள்.
பாத்திரம் கழுவும்போதும்,
என் சட்டையைத் தேய்க்கும்போதும்
அதே முனகல்தான், பதினோரு வருடமாய்.
கலகலப்பான பெண் என்று
ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

மூடிக் கிடந்த ரொட்டிக்கடை வாசலில்
மோட்டாரை நிறுத்தினேன்.
"என்ன ஆச்சு?" என்றாள்.
அதைத்தான் நான் கேட்க வந்தேன்.