குடும்பத்துக்கு ஒன்று

பெந்தியூ. கரைக்கு உள்ளே நாங்கள்,
வெளியே எங்கள் தலைக்கு மேல் தண்ணீர்.
சாண் என்ன முழம் என்ன என்று
இங்கே யாரும் சொல்வதில்லை.
சாண் சாணாக அளக்கிறோம், தினமும் இரண்டு வேளை.

கருவி அவள் கட்டைவிரலை ஏற்கவில்லை.
துடைத்து வை என்றேன். துடைத்தாள்.
இடது கை என்றேன். அதுவும் இல்லை.
மழைக்காலம் முழுக்கக் களிமண் அள்ளிய விரல்
ரேகை தேய்ந்து
யாருடையதாகவும் இல்லாமல் இருந்தது.

பெயர் நியாகுமா.
குடும்பத்தில் எத்தனை பேர்?
ஆறு.
என் முன்னால் நின்றது ஐந்து.
புவோம் கரையில் இருக்கிறான் என்றாள்.
வேலைக்கா என்று கேட்டுவிட்டேன்.
கரைக்குள், என்று திருத்தினாள்.
(புதைக்கக் காய்ந்த மண்
வேறெங்கே இருக்கிறது?)

ஐந்து என்று பதிந்தேன்.
சோளம் ஒரு மூட்டை, எண்ணெய் ஒரு டின்,
தார்ப்பாய் குடும்பத்துக்கு ஒன்று,
வெள்ளை, ஓரமெங்கும் பித்தளை வளையங்கள்.

இரண்டாம் நாளே திரும்பி வந்தாள்.
தார்ப்பாய் வேண்டுமாம்.
திரை சொன்னது: பெற்றுக்கொண்டார்.
விற்றுவிட்டாயா என்றேன்,
குரலை உயர்த்தாமல்.
அதற்கு எங்களுக்குப் பயிற்சி உண்டு.
என்னைப் பார்த்தாள். பிறகு
எனக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்தாள். போய்விட்டாள்.

அன்றிரவு காற்று.
டார்ச்சோடு கிடங்கின் பின்பக்கம் போனேன்.
கசியும் இடமென்று எல்லாருக்கும் தெரிந்த இடத்தில்
வெள்ளையாக ஏதோ.
பிள்ளை பெற்றவள் வயிற்றைச் சுற்றுவது போல
கரையை இறுக்கிச் சுற்றிய தார்ப்பாய்,
வளையம் வளையமாக முளை அடித்து.
அதன்மேல் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்,
பாரத்துக்கு.

உட்கார், என்றாள் நியாகுமா.
கனம் போதவில்லை.

உட்கார்ந்தேன்.
அங்கிருந்து பார்த்தால்
ஊழியர் கூடாரத்தில் என் கட்டில் தெரிகிறது,
தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு முழம் கீழே.
இத்தனை நாளும் அதில்தான்
கொசுவலையைச் செருகிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.
அவள் தன் பக்கத்தில்
ஒரு சின்ன இடம் விட்டே உட்கார்ந்திருந்தாள்.
என்னை அங்கே நகரச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
விடியும்வரை தண்ணீர் எங்கள் முதுகில் முட்டியது,
கொட்டிலுக்குத் திரும்பிய மாடு போல.

காலையில் அவள் பெயரைத் திறந்து
ஐந்தை அழித்து ஆறு என்று போட்டேன்.
தவறு அது, தெரியும்.
இன்னொரு தார்ப்பாய்: காரணம், பிற.
திருத்தியவர் கட்டைவிரல் வைக்கவும் என்றது திரை.
வைத்தேன். நகக்கண் வரை களிமண்.

துடைத்து வை, என்றாள்.